டிரம் கோர் அனுபவப் பகிர்வு: கண் எப்போது, காது எப்போது

நடு ஸ்னேர்:

ஆடிஷன் முகாம்கள் நவம்பரில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் புதுப் பிள்ளைகள் வந்து கேட்பது ஒன்றுதான்: "அங்கே என்னதான் செய்ய வைப்பார்கள்?" யார் எந்த வரிசையில் நின்றீர்களோ அந்த வரிசையின் வேலையை எழுதுங்கள். பஸ் பாட்டும் கண்ணீர்க் கதையும் வேறு இழைகளில் ஏராளமாகக் கிடக்கின்றன.

விவரம் தெரியாமல் உள்ளே வந்தவர்களுக்கு ஒரு பத்தி. டிரம் அண்ட் பியூகிள் கோர் என்றால் பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள், கொடியும் ரைஃபிளும் சுழற்றும் கலர் கார்டு. அவ்வளவுதான். கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எதற்கும் இடமில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் வளர்த்த போட்டி இது. 1970-களின் தொடக்கத்தில் கோர்களே கூடி டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கின. 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பை அனாஹைம் கிங்ஸ்மென் வென்றது. இப்போது இறுதிச்சுற்று ஆகஸ்டில், இண்டியானாபொலிஸ் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில். ஆள் கணக்கு 150 என்று வெகுகாலம் இருந்து இப்போது 165. வயது 21, 22 வரை.

இனி ஸ்னேர், அதாவது அடித்தோலில் நரம்பு ஓடும் டிரம். நடந்துகொண்டே அடிக்கும் ஸ்னேர் 14 அங்குல விட்டம், 12 அங்குல ஆழம். மேல்தோல் கெவ்லார் இழை, குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுகிற அதே சரக்கு. இழுத்தால் நீளாது, அடித்தால் குழையாது. ஒன்பது பேர் அடிப்பது ஒரே "டக்" என்று விழுவதும் அதனால்தான், மணிக்கட்டு போவதும் அதனால்தான்.

டியூனிங்கில் கீழ்த்தோல் முதலில், மேல்தோல் பிறகு. தோலை இறுக்கும் திருகுப் பிடி, லக் என்பார்கள், 12 இருக்கும். எதிரெதிர் லக்காகத் தாவிப் போகணும், ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்தையே முறுக்கிக்கொண்டு போனால் ரிம் கோணும், லக் பெயர்ந்து வரும். புதுத் தோலை முக்கால்வாசி இறுக்கி ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் மீதியை முடிப்பது நல்லது. முதலில் ஒரே ஒரு டிரம்மைச் சரியாக்கி, அதை நடுவில் வைத்து மற்ற எட்டையும் அதன் சுருதிக்குக் கொண்டுவரணும். ஆளுக்கொரு சாவியோடு அவரவர் காதுக்கு டியூன் செய்தால் ஒன்பது சுருதி வரும். அடியில் ஓடும் நரம்பு ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு உண்டு. சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒவ்வொன்றையும் மீட்டிப் பார்த்துச் சமமாக்குங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் மெதுவாக வாசிக்கும் இடத்தில் கரகரவென்று காட்டிக்கொடுக்கும்.

வரிசை "அழுக்காக" இருக்கிறது என்று சொல்வார்கள், அதாவது அடிகள் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. புதியவர்கள் உடனே வேகத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி குச்சியின் உயரம். தோலிலிருந்து 3 அங்குலம் மெல்லிய அடி, 6 நடுத்தரம், 9 அதற்கு மேல், 12 உரத்தது. அழுத்த அடி 12-லிருந்து, சாதா அடி 3-லிருந்து என்று எழுதியிருக்கும்போது ஒருத்தர் சாதா அடியை 5-க்குத் தூக்கினால் அவர் குச்சி தோலைத் தொடும் நேரமே மாறிவிடும். கண்ணாடி முன்னால், அல்லது போன் கேமராவை டிரம் விளிம்பு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். காது கண்டுபிடிக்காததைக் கண் கண்டுபிடிக்கும். குச்சியில் சுற்றும் வெள்ளை டேப் வெறும் அலங்காரம் இல்லை. உயரமும் கோணமும் தூரத்திலிருந்து தெரிவதற்குத்தான். சுற்று எண்ணிக்கை எல்லார் குச்சியிலும் ஒன்றாக இருக்கணும், இல்லையென்றால் எடை மாறும்.

ஆடிஷனுக்கு ஒரே ஒரு பயிற்சி தேர்ந்தெடுக்கச் சொன்னால்: ஒரு கையால் எட்டு, மறு கையால் எட்டு. 100 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 100 பீட்டில் தொடங்கி, சத்தமும் உயரமும் மாறாமல் 180-க்கு மேல் கொண்டுபோங்கள். 200-ல் தப்பில்லாமல் அடிக்கிறவரைவிட 120-ல் எல்லா அடியையும் ஒரே மாதிரி அடிக்கிறவரைத்தான் எடுப்பார்கள். இதை யாரும் நம்புவதில்லை.

மூணாவது மெல்லோ:

அண்ணன் டிரம் கதையோடு நிறுத்திவிட்டார். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான, முதல் வாரத்திலேயே எல்லாரையும் குழப்புகிற விஷயம் ஒன்று இருக்கிறது: பீட்டை யாரிடமிருந்து எடுப்பது?

அமெரிக்கக் கால்பந்து மைதானம் குறுக்கே 160 அடி, கிட்டத்தட்ட 49 மீட்டர். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். பின்கோட்டில் நிற்கிறவர் ஊதியது முன்கோட்டுக்கு வந்துசேர 0.14 வினாடி ஆகும். கொஞ்சம்தானே என்று தோன்றும். 180 டெம்போவில் ஒரு பீட்டே 0.33 வினாடிதான். ஆக, ஏறக்குறைய அரை பீட் தாமதம். பார்வையாளர் காதில் தாளம் கிழிந்து கேட்கும். "டேர்" என்று கோரில் சொல்வது இதைத்தான். இதில் யார் தப்பாக வாசித்தார்கள் என்றால், ஒருத்தரும் இல்லை. அவரவர் காதுக்கு அவரவர் சரி.

இதற்கு வழி இப்படி. பேட்டரி, அதாவது நடக்கும் டிரம் வரிசை, நடு 50 யார்டு கோட்டை ஒட்டிப் பின்னால் நிற்கும். அவர்களில் நடு ஸ்னேர், முன்னால் மேடையில் நின்று கையால் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைக் கண்ணால் பார்த்து அடிப்பார். ஒளிக்குத் தாமதம் கிடையாது. பேட்டரிக்கு முன்னால் நிற்கிற பித்தளைக்காரர் பின்னாலிருந்து வரும் டிரம் சத்தத்தைக் காதால் பிடித்து அதோடு ஊதணும். டிரம் சத்தம் அவரைக் கடக்கும் கணத்தில் அவர் ஊதினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு முன்னால் போகும். முன்கோட்டில் மரிம்பா மாதிரி தரையில் வைத்த தாளக்கருவிகளோடு நிலையாக நிற்கும் பிட் கலைஞர்களும் அப்படியே, காதைப் பின்னால் திருப்பி வாசிப்பார்கள். அவர்கள் டிரம் மேஜரைப் பார்த்து வாசித்தால் எல்லாருக்கும் முன்னால் ஓடிவிடுவார்கள்.

சிக்கல் பேட்டரிக்குப் பின்னாலும் பக்கவாட்டுக் கடைசியிலும் நிற்கிறவர்களுக்கு. டிரம் சத்தம் அவர்களுக்குத் தாமதமாக வரும். அதைக் கேட்டு ஊதினால் அந்தத் தாமதத்தோடு திரும்பிப்போகும் தாமதமும் சேர்ந்து இரட்டிப்பாகும். அவர்கள் காதை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் நம்பணும், கை விழுவதற்கு ஒரு நூல் முன்னாலேயே ஊதணும். தன் காதுக்குத் தப்பாகக் கேட்கிற மாதிரி வாசிக்கப் பழகுவது லேசுப்பட்ட காரியமில்லை. சீசன் பாதி வரை இதில்தான் போகும்.

ஒத்திகையில் மெட்ரோனோம் ஸ்பீக்கரை மைதானத்துக்குப் பின்னால், நடுக்கோட்டில் வைப்பதும் இதற்காகத்தான். முன்னால் வைத்தால் எல்லாரும் தப்பான திசையிலிருந்து கேட்கப் பழகிவிடுவார்கள். கூரை போட்ட ஸ்டேடியத்தில் இன்னொரு பொறி உண்டு: எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி முன்னாலிருந்து வந்து காதில் விழும். முன்னாலிருந்து எது வந்தாலும் அது பழைய செய்தி. அதன் பின்னே போகாதீர்கள்.

பிட் வண்டி:

மெல்லோ தம்பி சொன்னது சரி. ஒரு திருத்தம் மட்டும். பேட்டரி எப்போதும் நடுவிலேயே நிற்பதில்லை. டிரில், அதாவது யார் எப்போது எங்கே நடப்பது என்ற திட்டம், எழுதுகிறவர் படத்துக்காக அவர்களை ஒரு மூலைக்கு, 20 யார்டு கோட்டுக்குத் தள்ளிவிடுவார். அப்போது பிட்டின் மறு கோடியில் இருப்பவருக்குக் காதும் உதவாது. அந்த மாதிரி இடங்களில் பிட்டின் நடுவிலிருக்கும் ஒருத்தர், பெரும்பாலும் டிரம் செட் வாசிப்பவர் அல்லது நடு மரிம்பா, பேட்டரியைக் கேட்பார். மற்றவர்கள் அவருடைய கையைப் பார்ப்பார்கள். எந்த எண்ணில் "கேள்", எந்த எண்ணில் "பார்" என்று நோட்டுத் தாளிலேயே பென்சிலால் குறித்து வைக்கணும்.

1980-களின் தொடக்கம் வரை தரையில் வைத்து வாசிக்கவே அனுமதி இல்லை. சைலஃபோனைக்கூடக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். டிம்பனியை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு நடந்த படங்கள் பார்த்தால் இடுப்பு தானாக வலிக்கும். 2004-ல் மைக் வந்தது, 2009-ல் சிந்தசைசர் வந்தது. அன்றிலிருந்து பிட் பாதி இசை, பாதி எலக்ட்ரீஷியன் வேலை.

வண்டியோடு உள்ளே நுழைந்து சில நிமிடத்துக்குள் மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடு இருக்கணும். தவறுகிற இடங்கள் எப்போதும் அதே மூன்றுதான்: சக்கரத்தடியில் நசுங்கிய கேபிள், ஒத்திகையில் மியூட் போட்டு மறந்த சேனல், பாதி சார்ஜில் வந்த பேட்டரி. கேபிளின் இரு முனையிலும் ஒரே நிற டேப், அது சொருகும் துளைக்குப் பக்கத்திலும் அதே நிறம். படிக்கிற எழுத்தை நம்பாதீர்கள், இரவில் பதற்றத்தில் யாரும் படிப்பதில்லை.

மரிம்பா கட்டைகளைக் கோத்திருக்கும் கயிறு சீசனில் ஒரு முறையாவது அறும். உறுதியான நைலான் கயிறு ஒரு சுருள், முனையைக் கருக்க ஒரு லைட்டர், வண்டியின் அடித்தட்டில் நிரந்தரமாக இருக்கட்டும். வெளியில் வாசிக்க ரோஸ்வுட் கட்டை வேண்டாம். வெயிலிலும் ஈரத்திலும் வெடிக்கும். செயற்கைக் கட்டைதான்.

நாலாம் பேஸ்:

பேஸ் டிரம் பற்றிச் சுருக்கமாக. ஐந்து பேர், ஐந்து அளவு. 18 அங்குலத்தில் தொடங்கி 32 வரை போகும். ஒரே வரியை ஐந்து பேருக்குப் பங்கு போட்டிருப்பார்கள். ஒரு பீட்டில் நாலு அடி இருந்தால் உங்களுக்கு அதில் ஒன்று, மூன்றாவதோ நான்காவதோ. பக்கத்து ஆள் அடித்த பிறகு நான் அடிக்கிறேன் என்று காத்திருந்தால் தாமதம் நிச்சயம். நாலையும் மனசுக்குள் எண்ணணும், உங்கள் எண் வரும்போது அடிக்கணும். பக்கத்தில் ஆளே இல்லாமல் தனியாக அடித்தாலும் அதே இடத்தில் விழுந்தால்தான் பாடம் ஏறியதாக அர்த்தம்.

டிரம் தோல் பார்வையாளரைப் பார்க்கணும் என்பதால் ஆள் கோல்கோட்டைப் பார்த்து நிற்பார். அதனால் எல்லாரும் முன்னே நடக்கும்போது நாம் பக்கவாட்டில் நண்டு நடை. அடி நீளம் 30 அங்குலத்தைத் தாண்டினால் பின்கால் முன்காலை இடறும். நண்டு நடையில் முட்டியைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருங்கள்.

டாட் புக்:

நடை பற்றி யாரும் எழுதவில்லையே, நானே தொடங்குகிறேன். இது கொஞ்சம் நீளும்.

மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கு நடுவே 8 ஸ்டெப் வைப்பதுதான் அளவுகோல். ஒரு ஸ்டெப் 22½ அங்குலம். 5 யார்டை 6 ஸ்டெப்பில் கடந்தால் 30 அங்குலம், அது நீள நடை. உங்கள் இடம் ஒவ்வொன்றுக்கும் "டாட்" என்று பெயர். எழுதும் முறை: பக்கம் 1, 40-க்கு வெளியே 2, முன் ஹாஷுக்குப் பின்னால் 6. இதில் 40 யார்டு கோடு, 2-ம் 6-ம் ஸ்டெப், ஹாஷ் என்பது மைதானத்தின் நீளவாக்கில் போட்ட கோட்டுக் குறி. பக்கம் 1 பார்வையாளருக்கு இடப்புறம். மைதானத்தில் அவர்களைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு வலப்புறம். "உள்ளே" என்றால் 50-ஐ நோக்கி, "வெளியே" என்றால் 50-ஐ விட்டு விலகி. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவதுதான் நம்பர் ஒன் தப்பு. 2 உள்ளே, 2 வெளியே இரண்டுக்கும் வித்தியாசம் 4 ஸ்டெப், ஏழரை அடி. இன்னொருத்தர் மேல் போய் நிற்பீர்கள்.

நோட்டுப் புத்தகம் உள்ளங்கை அளவு போதும். நாடா கட்டிக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிடணும். பேனா கூடாது, டிரில் ஆகஸ்டு முதல் வாரத்தில்கூட மாறும். பென்சிலில் எழுதி, பக்கத்தின் மேல் அகல செல்லோடேப் ஒட்டாதீர்கள், பிறகு அழிக்க முடியாது. பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையைச் சொருகுவதே மேல். ஒவ்வொரு டாட்டுக்கும் ஐந்து விஷயம்: செட் எண், எத்தனை கவுண்ட், இடம், வழியில் பாதிக் கவுண்டில் எங்கே இருப்பீர்கள், வாசிப்பில் எந்த இசை அளவு. நாலாவதை எழுதாதவர்கள்தான் அதிகம். பாதிவழிப் புள்ளி தெரியாதவர் முதல் நாலு கவுண்டில் சின்ன அடி வைத்துக் கடைசியில் ஓடுவார். டாட்டில் சரியாக நிற்பார், ஆனால் வழியில் படம் உடைந்திருக்கும்.

சாய்வாகப் போகும்போது ஒரு கணக்கு. பக்கவாட்டில் 8 ஸ்டெப், ஆழத்தில் 8 ஸ்டெப் நகரணும், 8 கவுண்டில். காலில் எண்ணுவது எட்டுதான், ஆனால் ஒவ்வோர் அடியும் கிட்டத்தட்ட 32 அங்குலம். 22½ அங்குலத்துக்குப் பழகிய கால் இதை நம்பாது. முதல் அடியிலேயே முழு நீளம் வைத்தால்தான் உண்டு.

முன்னே போகும்போது குதிகால் முதலில் பட்டு உருளணும், நுனிக்கால் மேலே தூக்கியிருக்கணும். பின்னே போகும்போது குதிகால் தரையைத் தொடவே கூடாது. பாதத்தின் முன்மேட்டிலேயே போகணும். பின்னடையில் குதிகால் பட்டால் உடம்பு குலுங்கும், குலுக்கம் உதட்டுக்குப் போகும், ஊதும் சுரம் நடுங்கும். நடை மோசமாக இருந்தால் அது காதிலும் கேட்கும் என்று சொல்வது இதனால்தான். பிட் தவிர எல்லாரும் தினம் காலை முதல் வேலையாக இதைச் செய்வார்கள்: முன்னே 8, வலப்புறம் 8, பின்னே 8, இடப்புறம் 8, சதுரம் மூடும். தொடங்கிய புள்ளியிலேயே முடியணும். முடியாவிட்டால் பெரும்பாலும் பின்னடை குட்டையாகியிருக்கும்.

அடுத்தது பெரிய வாக்குவாதம்: டாட்டா, வரிசையா? ஒத்திகையில் டாட். பக்கத்து ஆள் தப்பாக நின்றாலும் நீங்கள் உங்கள் டாட்டில் நில்லுங்கள். எல்லாரும் அந்த ஒருத்தரோடு சமரசம் செய்தால் வரிசை முழுக்க வளைந்துவிடும், தப்பு யாருடையது என்று மேலே கோபுரத்தில் நிற்கும் பயிற்றுநருக்குத் தெரியாது. ஷோவில் வரிசை. அங்கே டாட்டை யாரும் பார்க்கப்போவதில்லை, வளைவு ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று பட்டம் வென்ற கார்ஃபீல்டு கேடட்ஸின் டிரில்லை எழுதிய ஜார்ஜ் ஜிங்காலி, நேர்க்கோடும் இருபுறச் சமச்சீரும்தான் டிரில் என்றிருந்ததை உடைத்தவர். அந்த வளைவுகள் ஓடும்போதே உருமாறுகிறவை. அங்கே டாட்டில் மட்டும் சரியாக நிற்கிறவர் பாதி வேலைதான் செய்கிறார்.

தாள நீதிபதி ரெக்கார்டரில் பேசிக்கொண்டு மைதானத்துக்குள் வருவதும் உண்டு. உங்கள் பாதையில் நின்றால் விலகாதீர்கள். விலக வேண்டியது அவர்.

கான்ட்ரா தோள்:

கான்ட்ரா என்பது தோளில் தூக்கும் டூபா. நமக்குக் கருவி எடை 12 கிலோ வாக்கில். இடது தோளில் உட்காரும். தோளெலும்புக்கு நேராக வைக்காமல் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவிலுள்ள சதையில் வைக்கணும், கீழே மடித்த துவாலை அல்லது ஃபோம். தூக்கும்போது வாய்க்குழாயைப் பிடித்துத் தூக்காதீர்கள், வளையும். வால்வுப் பகுதியைக் கட்டிப் பிடித்து முட்டியை மடக்கித் தூக்கணும். மவுத்பீஸ் மாட்டிக்கொண்டால் கட்டிங் பிளேயர் பக்கமே போகாதீர்கள். அதை இழுக்கவென்றே ஒரு கருவி உண்டு, லாரியில் இருக்கும், கேளுங்கள்.

ஊதுகிற எல்லாருக்கும் பொது: வெப்பம். காற்று சூடானால் பித்தளைக் கருவியின் சுருதி ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 3 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). மாலை ஆறு மணிக்கு 33 டிகிரியில் டியூன் செய்து, இரவு பத்து மணிக்கு 25 டிகிரியில் மைதானத்துக்குள் போனால் 24 சென்ட் இறங்கியிருக்கும். அதாவது அரைச்சுரத்தில் கால்பங்கு. பிட்டின் கட்டைகளும் சிந்தசைசரும் அப்படி இறங்காது. வாசலுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு முறை டியூன் செய்வது சடங்கு இல்லை, இதற்குத்தான். அதற்கு முன் கருவிக்குள் சூடான காற்றை ஊதி வைத்திருக்கணும். குளிர்ந்த குழாயை டியூன் செய்தால் இரண்டு நிமிடத்தில் அது பொய்யாகிவிடும்.

இடைவேளையில் கருவியை வெயிலில் புல் மேல் படுக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். வால்வு எண்ணெய் காய்ந்து இரண்டாவது வால்வு ஒட்டிக்கொள்ளும். நிழல் இல்லையென்றால் மேலே ஈரமில்லாத துணியாவது போடுங்கள்.

பழைய ஜி:

இப்போதைய பிள்ளைகள் தங்கள் கருவியை டிரம்பெட் என்று சொல்வதைக் கேட்டால் எங்கள் காலத்து ஆட்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். பெயரிலேயே பியூகிள் இருக்கிறதே. முன்னே எல்லாக் கருவியும் ஜி சுருதியில் இருந்தது. சோப்ரானோ, மெல்லோஃபோன், பாரிட்டோன், கான்ட்ராபேஸ் எல்லாம் ஜி. ஒரு பிஸ்டன் வால்வு, அதை வலது கட்டைவிரலால் அழுத்தணும். கூடவே ஒரு ரோட்டர், அதாவது சுழலும் வால்வு, அது இடது கைக்கு. எழுதிய ஸ்வர வரிசை முழுக்கக் கிடைக்காது. எந்தச் சுரம் கிடைக்காதோ அதைச் சுற்றித்தான் இசையமைப்பாளர் பாட்டை வளைப்பார். 1977-ல் நிமிர்ந்த இரண்டு வால்வு, 1990-ல் மூன்று, 2000-ல் எந்தச் சுருதியும் சரி என்று ஆகிவிட்டது. இப்போது கையில் இருப்பது பி ஃபிளாட் டிரம்பெட்தான். சுருதி சுத்தமானது உண்மை. ஆனால் ஐம்பது ஜி கருவிகள் ஒன்றாக ஊதும்போது வந்த அந்த முரட்டுப் பளபளப்பு இதில் வராது. அது என் கட்சி. மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மதிப்பெண்ணும் வேறு. 1983 வரை "டிக்" முறை. நீதிபதி தப்பைக் கண்டால் ஒரு கோடு போடுவார், ஒரு கோட்டுக்கு 0.1 கழியும். கால் மாறினால் கோடு, அடி பிசகினால் கோடு. அதனால் கஷ்டமானதை எழுதவே பயப்படுவார்கள். 1984 முதல் செய்ததற்கு மதிப்பெண் கொடுக்கிற முறை.

மூணாவது மெல்லோ:

ஐயா சொன்னதோடு இன்றைய கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். மொத்தம் 100. பொது ஈர்ப்பு என்ற தலைப்புக்கு 40. காட்சிக்கு 30, அதில் நடைத்திறன், காட்சி அமைப்பு, கலர் கார்டு மூன்றும் ஒவ்வொன்றும் 20-க்குப் போட்டு, கூட்டிப் பாதியாக்குவார்கள். இசைக்கும் அதே மாதிரி 30: பித்தளை, தாளம், மொத்த இசை. இதுவரை மிக அதிகம் 2014-ல் ப்ளூ டெவில்ஸ் எடுத்த 99.65. சாம்பியன்ஷிப் வாரத்தில் வியாழன் முதல் சுற்று, வெள்ளி அரையிறுதிக்கு 25 கோர், சனி இறுதிக்கு 12.

பட்டுக்கொடி:

கலர் கார்டை எல்லாரும் கடைசியில்தான் நினைப்பார்கள், பரவாயில்லை.

கொடிக்கம்பம் 6 அடி அலுமினியக் குழாய். இரு முனையிலும் உள்ளே போல்ட் போட்டு எடை ஏற்றி, ரப்பர் மூடி, அதன் மேல் டேப். முனை எடை இல்லாத கம்பம் கையில் சோம்பேறியாகச் சுழலும். போல்ட் உள்ளே ஆடினால் சுழலும்போது கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும், பஞ்சோ ஃபோமோ திணித்து இறுக்குங்கள். எல்லாக் கம்பத்துக்கும் ஒரே எடை போல்ட். வேறு கம்பம் கைக்கு வந்தால் உயரம் மாறிவிடும்.

ரைஃபிள் மரம், 36-லிருந்து 39 அங்குலம். புதிதாக வந்ததும் வெளிப்பூச்சுக்கு முன் நார்டேப் சுற்றணும், இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே கழுத்தில் பிளக்கும். வீசும்போது சுழற்சிக் கணக்கு முக்கியம்: நாலு, ஐந்து, ஆறு. உயரம் அதிகமானால் சுழற்சி அதிகம் என்று நினைப்பது தப்பு. விடும் கணத்தில் வலது கை கீழே அழுத்துவதுதான் சுழற்சி, முட்டியிலிருந்து வருவது உயரம். இரண்டையும் தனித்தனியாகப் பழகுங்கள். ரைஃபிள் மேலே போன பிறகு அதைப் பின்தொடர்ந்து ஓடினால் விட்ட கோணம் சரியில்லை என்று பொருள். சரியாக விட்டது நெற்றிக்கு முன்னால் அதே இடத்தில் இறங்கும். பிடிக்கும்போது கட்டைவிரல் வாருக்குள் போய்விடாமல் பாருங்கள். கார்டில் விரல் உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

காற்றடிக்கிற இரவில் கொடி வீசும் முன் துணி கம்பத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். சுற்றியிருந்தால் அரைச்சுற்று எதிர்த் திசையில் திருப்பி விடுவித்த பிறகே வீசணும். விழுந்துவிட்டால் முகம் மாறக் கூடாது. ஒரே ஸ்டெப்பில் கைக்கு எட்டினால் எடுங்கள், எட்டாவிட்டால் கையை மட்டும் வைத்து ஆட்டத்தைத் தொடருங்கள்.

சமையல் லாரி:

தொண்டர் பக்கத்திலிருந்து. 165 பேர், பயிற்றுநர், ஓட்டுநர், நாங்கள் எல்லாம் சேர்ந்து 200-ஐத் தாண்டும். நாளுக்கு நாலு வேளை: காலை, மதியம், மாலை, ஷோ முடிந்து ராத்திரிச் சிற்றுண்டி. ஆக 800 தட்டுக்கு மேல், ஓர் லாரியின் வயிற்றுக்குள்ளிருந்து. ஒவ்வாமை, சைவம் எல்லாவற்றையும் மே மாதம் குடியேறும் அன்றே எழுதிக் கொடுங்கள். வரிசையில் நின்று சொன்னால் கேட்க எங்களுக்கு நேரம் இருக்காது. முட்டையும் சாப்பிடாத சைவம் என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். அங்கே சைவம் என்றால் முட்டையும் சேர்ந்ததுதான்.

ஆளுக்கொரு கேலன் தண்ணீர்க் குடுவை, 3.8 லிட்டர். ஒத்திகை நாளில் இரண்டு முறை நிரப்ப வேண்டிவரும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இறங்கித் தலை சுற்றும். சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள், உப்பு அதில்தான் இருக்கிறது. படுப்பது பள்ளிக்கூட ஜிம் தரையில், காற்று மெத்தையில். மெத்தைக்கு ஒட்டுப்போடும் பசை கொண்டுவாருங்கள். ஒத்திகைக் காலணி இரண்டு ஜோடி, ஒன்று காயும்போது இன்னொன்று. இவ்வளவும் செலவு போக, கோருக்குக் கட்டும் கட்டணமே பல ஆயிரம் டாலர். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தொப்பியில் சொருகும் இறகு உங்கள் கையில் கிடைக்காது. மைதான வாசலில் ஒரு தொண்டர் நின்று ஒவ்வொருத்தருக்கும் சொருகிவிடுவார். பஸ்ஸில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிட் வண்டி:

மழை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கெவ்லார் தோலுக்கு மழையால் ஒன்றும் ஆகாது. மிக்ஸருக்கு ஆகும். தூறல் விழுந்தவுடன் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு மூடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மின்னல் வந்தால் மைதானத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் எண்ணுவது வழக்கம். அந்த நேரத்தில் கருவிகளைத் துடைத்து வைத்தால் மறுநாள் வேலை மிச்சம். பேஸ் டிரம்முக்குள் ஒட்டியிருக்கும் ஃபோம் நனைந்தால் லேசில் காயாது. சத்தம் மொத்தையாகிவிடும். தோலைக் கழற்றி மாற்றணும்.

நாலாம் பேஸ்:

மாற்று ஃபோம் லாரியில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்த பிறகு பதில் சொல்ல அங்கே யாருக்கும் கை ஒழியாது.